ஆறு கறுப்பு அபாயாக்கள்

2025 ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில வாரங்களுக்கு முன்பு வரை எனது அலுமாரியில் ஐந்து அபாயாக்கள் இருந்தன. ஐந்தும் கறுப்பு. உம்மா சவூதிக்குப் போன பிறகு வந்த ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒன்று என்பது கணக்கு. 2023இல் இரண்டு, 2024இல் இரண்டு, 2025 நோன்புப் பெருநாளுக்கு ஒன்று. விடுமுறையில் ஊர் திரும்பும் யாராவது ஒருவரின் சூட்கேஸில் மடிந்து கிடந்து ஒலுவிலுக்கு வந்து சேரும்.

ஐந்தில் நான் உடுத்தது இரண்டை மட்டும்தான். பாடசாலை நாட்களில் சீருடை இருப்பதால் யோசிக்க வேண்டியதில்லை. சனி, ஞாயிறுகளில் அக்கரைப்பற்றில் டியூஷன். இடையில் ஒரு நோயாளியைப் பார்க்க, ஒரு கல்யாண வீட்டுக்கு, ஒரு மையத்து வீட்டுக்கு. எங்கே போவதாக இருந்தாலும் அலுமாரிக் கதவைத் திறப்பேன். கை தானாக இடது பக்கம் போகும். முதல் ஹேங்கரில் உள்ளது கழுவியிருந்தால் அது. இல்லாவிட்டால் இரண்டாவது. கறுப்பு ஸ்கார்ப். இரண்டு பின். ஐந்து நிமிடத்தில் புறப்பட்டு விடுவேன்.

இதை நான் எளிமை என்று நினைத்திருந்தேன். சில நாட்களில் அடக்கம் என்றும் நினைத்து மனதுக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டதுண்டு.

இந்தக் கட்டுரையைக் கறுப்புக்கு எதிராகவோ அபாயாவுக்கு எதிராகவோ நான் எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறேன். விரும்பிக் கறுப்பு உடுக்கும் தோழிகள் எனக்கு நிறைய இருக்கிறார்கள். நான் விரும்பி உடுக்கவில்லை. யோசிக்காமல் உடுத்தேன். இந்த வித்தியாசம் எனக்குப் புரிய மூன்று பெருநாட்கள் எடுத்தன.

முதலில் புரிய வைத்தது ஒரு படம். 2025 நோன்புப் பெருநாள் இரவு உம்மா வீடியோ கோலில் வந்தார். தனது போனில் சேர்த்து வைத்திருந்த எனது படங்களைப் பார்த்துக் கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

"மகள், இந்தப் போட்டோ எந்தப் பெருநாள்? போன வருசத்ததா, அதுக்கு முந்தினதா?"

அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். வீட்டு வாசல். வாப்பாவும் தம்பியும் பக்கத்தில். நடுவில் நான். எனக்கும் தெரியவில்லை. தம்பியின் சேட்டை வைத்துத்தான் 2024 என்று கண்டுபிடித்தோம். தம்பி மட்டும் வருடத்துக்கு வருடம் வளர்ந்திருந்தான். நான் எல்லாப் படங்களிலும் ஒரே ஆளாக நின்று கொண்டிருந்தேன். உம்மா சிரித்தார். ஆனால் படத்தை விரலால் பெரிதாக்கி நீண்ட நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். மகள் வளர்ந்திருக்கிறாளா என்று தேடுவது போல இருந்தது எனக்கு.

இரண்டாவது, ஒரு மோட்டார் சைக்கிள். டியூஷன் முடிந்து வாப்பாவின் பின்னால் ஏறி வந்து கொண்டிருந்தேன். அட்டாளைச்சேனை தாண்டி, பாலமுனைக்குச் சற்று முன்னர் அபாயாவின் விளிம்பு செயினுக்குள் போய்விட்டது. வாப்பா மெதுவாக ஓட்டியதால் முழங்கால் உரசலோடு தப்பினேன். அல்ஹம்துலில்லாஹ். துணி மட்டும் ஒரு முழம் கிழிந்தது. அந்த அபாயா எனக்கு ஆரம்பத்திலிருந்தே நீளம். விளிம்பை மடித்துப் பின் குத்தி உடுத்திருந்தேன். பின் கழன்று கீழே தொங்கியதை அன்று நான் கவனிக்கவில்லை. நீளமான உடுப்பை வெட்டித் தைக்க இரண்டு வருடங்களாக எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வாப்பா கேட்டார். பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து மீதி மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். உறை கூடப் பிரிக்காமல் இருந்தன. உறையைத் திறந்ததும் நம் ஊரில் இல்லாத ஒரு வாசனை வந்தது. உம்மா இருக்கும் வீட்டின் வாசனையோ, கடையின் வாசனையோ தெரியாது. மீண்டும் மடித்து வைத்தேன். அவற்றை நான் ஏன் உடுக்கவில்லை என்பது அப்போது கொஞ்சம் தெரிந்தது. நாட்டில் நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022ஆம் ஆண்டின் இறுதியில்தான் உம்மா போனார். டொலர் ஏறியது, உரம் கிடைக்கவில்லை, வாப்பாவின் வேளாண்மை கடனில் முடிந்தது. அந்தக் கடனை உம்மா யாரோ ஒருவரின் வீட்டைத் துடைத்து அடைத்துக் கொண்டிருந்தார். அவரது உழைப்பை உடுத்துத் தேய்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே பழையதையே தேய்த்தேன்.

எங்கள் வீட்டு முன்னறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மாணவி தங்கியிருந்தார். மாவனல்லைக்காரர். அவர்கள் ஊரில் மூத்த சகோதரியை 'தாத்தா' என்பார்கள், எங்கள் ஊரில் 'ராத்தா'. நான் 'ராத்தா' என்று கூப்பிட்டால் அவருக்குச் சிரிப்பு வரும். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்து மறுவருடமே பல்கலைக்கழகமான இந்த இடத்தால் ஒலுவில் வீதியில் நாட்டின் எல்லாப் பக்கத்து உடுப்பையும் பார்க்கலாம். கண்டிப் பக்கத்துப் பிள்ளைகள், புத்தளப் பக்கத்துப் பிள்ளைகள், சேலை உடுத்த விரிவுரையாளர்கள், சல்வார், பூப்போட்ட அபாயா, கறுப்பு நிகாப். நான் பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வருகிறேன். ஆனாலும் பார்ப்பது வேறு, நாம் உடுப்பது வேறு என்பது போல இருந்து விட்டேன்.

கிழிந்த அபாயாவை நான் தைத்துக் கொண்டிருந்தபோது ராத்தா வந்து உட்கார்ந்தார். அவரிடம் மொத்தமாக எட்டு உடுப்புக்கு மேல் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் வேறு ஆள் போலப் போவார். எப்படி என்று கேட்டேன். இரண்டு விசயம் சொன்னார். ஒன்று, அலுமாரியில் உள்ள எல்லா ஹேங்கரையும் கொக்கி நம்மைப் பார்க்கும்படி தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். ஒன்றை உடுத்துக் கழுவி வைக்கும்போது நேராகத் தொங்கவிட வேண்டும். ஒரு மாதம் கழித்து எது தலைகீழாகவே இருக்கிறதோ அது நாம் உடுக்காத உடுப்பு. அதை ஏன் உடுக்கவில்லை என்று நம்மிடமே கேட்க வேண்டும். இரண்டாவது, எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றப் போகாமல் முகத்துக்குப் பக்கத்தில் இருப்பதை முதலில் மாற்ற வேண்டும்.

அந்த வாரமே அக்கரைப்பற்றில் இரண்டு ஸ்கார்ப் வாங்கினேன். ஒன்று மருதோண்டி இலையின் பச்சை. மற்றது மண் நிறம். சனிக்கிழமை பச்சையைக் கட்டிக் கொண்டு பஸ் ஏறியபோது எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. வகுப்பில் ஒருத்தி, "என்ன புள்ள, வீட்டில விசேசமா?" என்று கேட்டாள். அன்று முழுக்க ஸ்கார்ப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமை எனக்கே மறந்து விட்டது. மற்றவர்களின் கண்ணுக்குப் பயந்து நான் இத்தனை வருடம் ஒளிந்திருந்தேன் என்றால், அந்தக் கண்கள் இரண்டு வாரத்துக்கு மேல் என்னைப் பார்க்கத் தயாராக இல்லை.

ஆனால் வேறொரு தயக்கம் இருந்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி குண்டுகள் வெடித்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஏப்ரல் 29 முதல் அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் முகத்தை மூடுவது தடை செய்யப்பட்டது. தடை முகத்துக்குத்தான். ஆனால் அபாயாவும் ஸ்கார்ப்பும் கூடப் பல இடங்களில் கேள்விக்குள்ளாயின. எங்கள் சாச்சி அந்த மாதங்களில் வேலை விசயமாக வெளியூர் போகும் ஒவ்வொரு நாளும் கண்ணாடிக்கு முன் நின்று யோசித்தது எனக்கு நினைவிருக்கிறது. யோசித்து விட்டுக் கறுப்பைத்தான் உடுத்துப் போனார். அவர் அப்படிப் போன உடுப்பை நான் இப்போது ஒரு ஆசைக்காக மாற்றுவது சரியா?

சாச்சி தையல்காரி. அவரிடமே கேட்டேன். மெஷினை நிறுத்தாமல் சொன்னார்.

"அவங்க சொல்லிக் கழட்டினா அது அவங்கட விருப்பம். அவங்க சொன்னதுக்காக மட்டும் போட்டுக் கொண்டிருந்தா அதுவும் அவங்கட விருப்பந்தான். உன்ட விருப்பம் என்னண்டு நீ சொல்லு."

எனது விருப்பம் என்ன என்று யாரும் அதுவரை என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

மார்க்க விசயத்தையும் தெரிந்து கொள்ள வேண்டும் என்று எங்கள் இஸ்லாம் பாட ஆசிரியையிடம் போனேன். பெண்கள் மறைத்து உடுக்க வேண்டியதைச் சொல்லும் வசனங்கள் ஸூரா அந்நூரிலும் ஸூரா அல்அஹ்ஸாபிலும் இருக்கின்றன, அவற்றில் நிறம் எதுவும் குறிப்பிடப்படவில்லை என்று காட்டித் தந்தார். பிறகு சிரித்துக் கொண்டே, வெள்ளிக்கிழமைகளில் ஸூரா அல்கஹ்ஃப் ஓதுகிறாயா என்று கேட்டார். ஓதுகிறேன் என்றேன். சுவர்க்கவாசிகளின் ஆடை என்ன நிறம் என்று அதில் வருகிறது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தர்ஜுமாவை எடுத்துப் பார்த்தேன். பச்சை. வாராவாரம் ஓதுகிற ஒன்றை நான் கவனிக்காமலேயே ஓதி வந்திருக்கிறேன். உடுப்பில் மட்டும்தான் இந்தப் பழக்கம் என்று நினைத்தது தவறு.

கறுப்பு உடுத்தால் வெயிலுக்கு வேகும் என்றும் நான் ஒரு காரணம் சொல்லி வந்தேன். அதையும் விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் தோழி ஒருத்தி கெடுத்தாள். பாலைவனத்து நாடோடி அரபிகள் ஏன் கறுப்பு உடுக்கிறார்கள் என்று ஆராய்ந்த ஒரு கட்டுரை 1980இல் 'நேச்சர்' இதழில் வந்ததாம். கறுப்புத் துணி வெள்ளையை விட அதிக வெப்பத்தை எடுக்கிறது. ஆனால் அங்கி தளர்வாக இருப்பதால் அந்த மேலதிக வெப்பம் தோலுக்கு வந்து சேருமுன் காற்றோடு போய் விடுகிறது என்பது அதன் முடிவு. ஆகவே என்னை வேக வைத்தது நிறம் அல்ல. வியர்வையை இழுக்காத செயற்கை நூல் துணியும், நமது கடற்கரையின் ஈரக் காற்றும்தான். நல்ல பருத்தியில் தைத்தால் கறுப்பும் குளிர்ச்சிதான்.

பருத்தி என்றதும் மூத்தம்மா தனது பெட்டியைத் திறந்தார். அவரது சேலைகளில் பெரும் பகுதியை 2004 சுனாமி கொண்டு போய் விட்டது. சாச்சியின் வீட்டில் இருந்ததால் தப்பியவை இரண்டு. இரண்டும் மருதமுனைத் தறியில் நெய்தவை. ஒன்று செங்கல் நிறம், கரையில் கடுகு மஞ்சள்.

"எங்கட காலத்தில எங்க மகள் இந்தக் கறுப்பு? சேலைதான். வெளியில போனா முந்தானைய இழுத்து முக்காடு. இத்தா இருந்தா வெள்ளை. மத்தப்படி பச்சை, சிவப்பு, நாவல் எல்லாம் உடுத்தம். சவூதிக்கும் குவைத்துக்கும் போன புள்ளையள் கொண்டு வந்த பிறகுதான் இது ஊருக்கு வந்த."

பிறகு அவரே சொன்னார்: "ஆனா முக்காடு வழுக்கி வழுக்கி விழும். ஒரு கை எப்பவும் தலையிலதான் இரிக்கும். உங்களுக்கு இது லேசு. ரெண்டு கையும் சும்மா இரிக்கி."

கறுப்பு எங்கள் ஊரில் ஆதியிலிருந்து இருப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது ஏறக்குறைய எனது உம்மாவின் வயதுதான். அதே காலத்தில்தான் மருதமுனைத் தறிகளும் குறையத் தொடங்கின. 1977க்குப் பின் இறக்குமதித் துணி தாராளமாக வந்தது. தறியில் நெய்த சேலையோடு அது விலையில் போட்டி போட்டது. ஒரு பெண் வெளிநாட்டுக்குப் போய்த் துணி அனுப்ப, பக்கத்து ஊரில் இன்னொருவர் தறியை நிறுத்தியிருக்கிறார்.

மூத்தம்மா செங்கல் நிறச் சேலையை எனது மடியில் வைத்தார். "வெட்டித் தை. வச்சிருந்து என்ன செய்ய? கறையான் உடுக்கவா?" ஐந்தரை மீற்றர். நீளமான ஒரு அங்கியும் ஒரு ஸ்கார்ப்பும் தாராளமாக வரும் என்றார் சாச்சி. வெட்டுவதற்கு நாள் குறித்தோம். அதற்குள் உம்மா வந்து விட்டார்.

பெருநாளுக்கு மூன்று வாரத்துக்கு முன்பு, ஒப்பந்தம் முடிந்து வந்தார். வாசலில் என்னைக் கட்டிப் பிடித்தபோது அவரது முகம் எனது தோளில் பட்டது. போகும்போது எனது முகம்தான் அவரது தோளில் பட்டது. இரண்டு பேருக்கும் ஒரு நிமிடம் எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை.

அன்றிரவு சூட்கேஸைத் திறந்தார். ஆறாவது அபாயா. கறுப்பு. எனது அலுமாரியில் வைக்கப் போனவர் உறை பிரிக்காத மூன்றையும் கண்டார். பக்கத்தில் பச்சை ஸ்கார்ப், செங்கல் நிறச் சேலை.

"புடிக்கலியா மகள்?"

நான் பயந்து கொண்டிருந்த கேள்வி இதுதான். பொய் சொல்ல வாய் வரவில்லை. "நீளம் உம்மா. எல்லாமே நீளம். அதோட, உங்கட காசு எண்டு நினைச்சா உடுக்கேலாம இருந்த" என்றேன்.

உம்மா கட்டிலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கு உன்ட அளவு தெரியா மகள். கடைக்காரன் அளவு கேப்பான். நான் கையால காட்டுவன், இவ்வளவு உயரம் எண்டு. போகக்குள்ள நீ என்ட தோளுக்கு இருந்தாய். வளர்ற புள்ளையெண்டு ஒவ்வொரு தரமும் கூட்டிக் கூட்டி வாங்கினன். சட்டையெண்டா தோள் வேணும், இடுப்பு வேணும். நிறம் வாங்கினா உனக்குப் புடிக்குமோ எண்டும் தெரியா. கறுப்பு அபாயாண்டா ஒண்டும் தெரியத் தேவல்ல. ஆருக்கும் பொருந்தும்."

நான் யோசிக்காமல் உடுத்ததை, அவர் யோசித்து யோசித்து வாங்கியிருக்கிறார். எனக்குத் தேவைப்படாத ஒரு நிறம் அல்ல அது. மகளின் அளவு தெரியாத ஒரு தாய்க்குக் கைகொடுத்த நிறம்.

அபாயாவின் அளவு நீளத்தை வைத்து அங்குலத்தில் சொல்லப்படுவது. 52, 54, 56, 58, 60 என்று போகும். உம்மா அனுப்பியவற்றின் கழுத்துப் பட்டியைப் பார்த்தோம். எல்லாம் 58. மறுநாள் காலை சாச்சி வீட்டுக்குப் போனோம். சாச்சி டேப்பை எடுத்தார். உம்மா அதைத் தனது கையில் வாங்கிக் கொண்டார். "நான் எடுக்கிறன்" என்றார். தோளிலிருந்து கணுக்கால் வரை பிடித்தார். குனிந்து பார்த்து, "அம்பத்தி நாலு" என்றார். தோள், கை, கழுத்து ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்ததையே இரண்டாம் முறையும் எடுத்தார். சாச்சி ஒன்றும் சொல்லாமல் எழுதிக் கொண்டார்.

நாலு அங்குலம். இரண்டரை வருடம் உம்மா என்னைக் காணாமல் இருந்ததன் அளவு அது.

அதன் பிறகு செய்தவை எல்லாம் சிறிய வேலைகள். கிழிந்ததைத் துடைக்கும் துணியாக்கினோம். ஆறில் மிகுதி ஐந்து. இரண்டை, என்னை விட உயரமான பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தோம். அவளுக்கு 58 சரியாக இருந்தது. மூன்றை நாலு அங்குலம் வெட்டி விளிம்பு அடித்தார் சாச்சி. வெட்டிய கறுப்புப் பட்டிகளைச் செங்கல் நிற அங்கியின் கைக்கும் கழுத்துக்கும் வைத்துத் தைத்தார். மூத்தம்மாவின் சேலை, உம்மாவின் கறுப்பு, சாச்சியின் தையல். தளர்வாக, நீளமாக, எனக்கு அளவாக.

இன்னொரு நாள் உம்மாவும் நானும் பஸ்ஸில் மருதமுனைக்குப் போய் எனக்குப் பாவாடைக்கும், அவருக்கு ஒரு சேலைக்குமாகத் துணி எடுத்தோம். அங்கே ஒரு வீட்டில் தறி ஓடிக் கொண்டிருந்தது. பாவில் ஒரு நூல் அறுந்தால் நெய்பவர் தறியை நிறுத்தி, அந்த ஒரு நூலைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மறுபடி ஓட்டுகிறார். உம்மா அதை நீண்ட நேரம் பார்த்துக் கொண்டு நின்றார்.

இப்போது எனது அலுமாரியில் அதிக உடுப்பு இல்லை. மூன்று கறுப்பு அபாயா, ஒரு செங்கல் நிற அங்கி, மருதமுனைப் பாவாடை ஒன்று, அதற்கு நீளமான இரண்டு மேற்சட்டை, நாலு ஸ்கார்ப். மாற்றி மாற்றி உடுத்தால் இரண்டு வாரத்துக்கு ஒரே மாதிரி வராது. முதல் நாள் இரவே எதை உடுப்பது என்று எடுத்து வைக்கிறேன். சில நாட்களில் கறுப்பைத்தான் எடுக்கிறேன். மையத்து வீட்டுக்கு, சில வெள்ளிக்கிழமைகளுக்கு, சும்மா மனம் அப்படி இருக்கும் நாட்களுக்கு. அப்போது அது எனக்கு முன்னை விட அழகாகத் தெரிகிறது. கை தானாகப் போய் எடுத்ததல்ல, நான் எடுத்தது.

இதை வாசிக்கும் தோழிகளுக்கு ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. புதிய உடுப்பு வாங்கச் சொல்லவில்லை. நாளைக்கு அலுமாரியைத் திறக்கும்போது கை போகும் இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். உடுக்காமல் தொங்கும் ஒன்று இருந்தால், அதை வாங்கித் தந்தவரிடம் ஏன் அதை வாங்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். எனக்குக் கிடைத்தது போன்ற பதில் உங்களுக்கும் கிடைக்கலாம்.

சாச்சி எனது அளவுகளை எழுதிய தாளை உம்மா கேட்டு வாங்கி, மடித்து, பாஸ்போட் வைக்கும் பைக்குள் வைத்தார். மறுபடி போகப் போகிறாரா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. கடனில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

ஹஜ்ஜுப் பெருநாள் அன்று பின்னேரம் எல்லோரும் ஒலுவில் வெளிச்சவீட்டுப் பக்கம் போனோம். செங்கல் நிற அங்கியில் நான், மருதமுனைச் சேலையில் உம்மா. தம்பி படம் எடுத்தான். உம்மா போனை வாங்கிப் பார்த்தார்.

"இது எந்தப் பெருநாள் எண்டு இனி ஆரும் கேக்கத் தேவல்ல" என்றார்.